நார்பர்ட் வீனர்

நார்பர்ட் வீனர் (நவம்பர் 26, 1894 – மார்ச் 18, 1964) ஓர் அமெரிக்கக் கணிதவியலாளர். உயிரினங்களிலும் எந்திரங்களிலும் கட்டுப்பாடும் தொடர்பாடலும் நிகழும் விதத்தை ஒரே கணிதத்தால் விளக்க முற்படும் சைபர்நெட்டிக்ஸ் என்னும் துறையை நிறுவியவர். நரம்பியலும் பொறியியலும் சந்திக்கும் இடத்தில் பணியாற்றிய முன்னோடிகளுள் ஒருவர். ஆய்வுக்கான பணம் எங்கிருந்து வருகிறது, அது ஆய்வாளரிடம் எதை எதிர்பார்க்கிறது என்னும் வினாவைத் தம் சொந்தப் பணியிலேயே எழுப்பியவர் என்பதால் தொழில்நுட்ப அறவியலின் வரலாற்றிலும் இடம்பெறுகிறார்.

இளமையும் முதல் நல்கைகளும்

வீனர் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள கொலம்பியா நகரில் பிறந்தார். தந்தை லியோ வீனர் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் சிலாவிய மொழிகளின் பேராசிரியர். மகனுக்கு அவரே கடுமையான ஆசிரியராகவும் இருந்தார். வீனர் 14 வயதில் டஃப்ட்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1913 இல், 18 வயதில், கணித ஏரணத்தில் ஆர்வர்டின் முனைவர் பட்டம் பெற்றார்.

அதன்பின் ஆர்வர்டு வழங்கிய பயண நல்கை அவரை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியது. ஏரணம் பயில்வதற்காகவே அவர் பெர்ட்ரண்டு ரசலிடம் சென்றார். ரசலோ கணிதத்தை ஆழமாகக் கற்கவும், ஐன்சுடைனின் 1905 ஆம் ஆண்டுக் கட்டுரைகளைப் படிக்கவும் தூண்டினார். பிற்காலத்தில் வீனருக்குப் புகழ் தேடித்தந்த பிரௌனியன் இயக்கம் பற்றிய கணிதத்தின் விதை இங்கே விழுந்தது. இன்றைய விண்ணப்பப் படிவங்களில் முடிவை முன்கூட்டியே எழுதித் தரவேண்டியிருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்: ஏரணத்துக்கெனக் கொடுத்த நல்கை நிகழ்தகவுக் கோட்பாட்டில் பலன் தந்தது.

1919 இல் மாசாச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி) கணித ஆசிரியராகச் சேர்ந்தார். 1926 இல், தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த கூகன்ஹைம் நல்கை அவருக்குக் கிடைத்தது. அவ்வாண்டில் மார்கரெட் எங்கெமனை மணந்து, நல்கையைக் கொண்டு ஐரோப்பாவில் பணியாற்றினார்.

போர்க்கால ஆய்வு

இரண்டாம் உலகப்போரின்போது வீனர் அரசின் பாதுகாப்பு ஆய்வுக் குழு அளித்த நிதியில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கான முன்கணிப்புக் கருவி ஒன்றை உருவாக்க முயன்றார். பொறியாளர் ஜூலியன் பிகிலோ உடன் பணியாற்றினார். குண்டு மேலே சென்று சேரும்போது விமானம் எங்கே இருக்கும் என்பதே கேள்வி. கருவி போரில் பயன்படவில்லை. ஆனால் பின்னூட்டத்தைப் பற்றிய ஒரு சிந்தனை அதிலிருந்து பிறந்தது.

பின்னூட்டம் என்பது ஒரு செயலின் விளைவை அளந்து, அடுத்த செயலைத் திருத்துவதற்கு அதையே பயன்படுத்துவது. திருத்தம் அளவுக்கு மீறினால் கருவி இலக்கைத் தாண்டிச் செல்லும். திரும்பி வரும்போது மறுபுறம் தாண்டும். இவ்வாறு ஊசலாடத் தொடங்கும். மனித நரம்பு மண்டலத்திலும் இத்தகைய கோளாறு உண்டா என்று வீனரும் பிகிலோவும் மெக்சிகோ நாட்டு உடலியலாளர் ஆர்ட்டுரோ ரோசன்புளூத்திடம் கேட்டனர். உண்டு என்பது அவரது விடை. சிறுமூளை பாதிக்கப்பட்டவர் பென்சிலை எடுக்கக் கை நீட்டும்போது கை அதைத் தாண்டிச் சென்று ஊசலாடும். ஓய்விலிருக்கும்போது அந்நடுக்கம் இராது. பீரங்கியின் கணிதம் நோயாளியின் கைக்கும் பொருந்தியது. 1943 இல் மூவரும் இணைந்து, நோக்கமுள்ள செயல்களைப் பின்னூட்டத்தால் விளக்கும் கட்டுரையை வெளியிட்டனர்.

மறுப்பு

1945 இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டுகள் வீசப்பட்டன. அடுத்த ஆண்டின் இறுதியில் விமான நிறுவனம் ஒன்றின் ஆய்வாளர் வீனரின் போர்க்கால அறிக்கையின் படியைக் கேட்டு எழுதினார். ஏவுகணைப் பணிக்கு அது தேவைப்பட்டது. வீனர் தர மறுத்தார். பொறுப்பற்ற படைவாதிகளின் கையில் தீங்கு விளைவிக்கக்கூடிய தம் பணி எதையும் இனி வெளியிடப்போவதில்லை என்றும் தெரிவித்தார். அம்மடல் 1947 சனவரியில் அட்லாண்டிக் மன்த்லி இதழில் வெளியாகிப் பரபரப்பை உண்டாக்கியது. அவர் தர மறுத்த அறிக்கை 1949 இல் நூலாகவே வெளிவந்தது. ஆகவே இரகசியம் காப்பது அவருடைய நோக்கம் என்று கொள்வதற்கில்லை. யாருக்குப் பணி செய்வது என்பதே அவருக்கு முதன்மையாக இருந்தது எனலாம்.

இம்முடிவு எளிதான ஒன்றன்று. போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் மின்னணுவியல் ஆய்வுக்கான பெரும்பணம் படைத்துறையிடமிருந்தே வந்தது. எம்.ஐ.டியின் புகழ்பெற்ற மின்னணுவியல் ஆய்வுக்கூடமும் பெரும்பாலும் முப்படைகளின் நிதியில் இயங்கியது. வாரன் மெக்கல்லக், வால்டர் பிட்ஸ், ஜெரோம் லெட்வின் ஆகியோரின் நரம்பியல் குழு 1950களில் அங்கேயே பணிபுரிந்தது. தவளையின் கண் பற்றிய 1959 ஆம் ஆண்டுக் கட்டுரை அவர்களது பெரும் பங்களிப்பு. வீனரோ அந்த நிறுவனத்தில் ஊதியம் பெறும் பேராசிரியராகவே இருந்துகொண்டு படைத்துறைப் பணியை மட்டும் தவிர்த்தார். இதில் ஒரு முரண் இருப்பதை மறுக்க இயலாது.

படைத்துறை சாராத நல்கைகள்

வீனரின் நரம்பியல் ஆய்வைத் தாங்கியவை தனியார் அறக்கட்டளைகள். ரோசன்புளூத் 1944 இல் மெக்சிகோவின் தேசிய இதயவியல் நிறுவனத்துக்குச் சென்றிருந்தார். இருவரும் இணைந்து பணியாற்ற ராக்கபெல்லர் அறக்கட்டளை 1947 முதல் ஐந்தாண்டுகளுக்கு நல்கை வழங்கியது. ஓராண்டு வீனர் மெக்சிகோவுக்குச் செல்வது, மறு ஆண்டு ரோசன்புளூத் எம்.ஐ.டிக்கு வருவது என்பது ஏற்பாடு. சைபர்நெட்டிக்ஸ் (1948) நூலின் பெரும்பகுதி மெக்சிகோவில் எழுதப்பட்டது. அதை வீனர் ரோசன்புளூத்துக்கே காணிக்கையாக்கினார்.

1946 முதல் 1953 வரை ஜோசையா மேசி அறக்கட்டளையின் நிதியில் நடந்த பத்து மாநாடுகளில் கணிதவியலாளர்களும் நரம்பியலாளர்களும் மானிடவியலாளர்களும் ஒன்றாக அமர்ந்து விவாதித்தனர். வீனர் 1950களின் தொடக்கத்தில் மெக்கல்லக் குழுவுடன் உறவை முறித்துக்கொண்டார். அது இரு தரப்புக்கும், பிட்ஸுக்குச் சிறப்பாகவும், பேரிழப்பு.

தொழிலகங்கள் குறித்தும் வீனர் இதே நிலையை மேற்கொண்டார். தானியங்கி எந்திரங்கள் பற்றி ஆலோசனை கூறுமாறு ஒரு பெரிய தொழில் நிறுவனம் அணுகியபோது மறுத்து, 1949 இல் வாகனத் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ராய்தருக்கு மடல் எழுதி, வரவிருக்கும் வேலையிழப்பைப் பற்றி எச்சரித்தார். அடுத்த ஆண்டு வெளியான மனிதரை மனிதராகப் பயன்படுத்துதல் என்னும் பொருளுடைய நூலில் இதைப் பொதுமக்களுக்காக விளக்கினார். 1954 இல் எழுதி அவர் வெளியிடாமல் விட்ட ஒரு நூலில், பெரும்பணம் கொட்டி நடத்தப்படும் திட்டங்கள் புதுக்கருத்துகளை வளர்ப்பதில்லை என்று வாதிட்டிருந்தார். அது 1993 இல்தான் அச்சேறியது.

இந்தியாவும் இறுதிக் காலமும்

1955-56 இல் கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வருகைப் பேராசிரியராக இருந்தார். இந்தியக் கணிதவியலாளர் பி. ஆர். மசானியுடன் இணைந்து முன்கணிப்புக் கோட்பாட்டை விரிவாக்கினார். மசானி பின்னர் வீனரின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

1964 சனவரியில் வீனருக்கு அமெரிக்க தேசிய அறிவியல் பதக்கம் அளிக்கப்பட்டது. இரு மாதங்களில் சுவீடனின் ஸ்டாக்ஹோமில் காலமானார்.

சமூகப் பொறுப்புக்கான கணினி வல்லுநர்கள் என்னும் அமெரிக்க அமைப்பு 1987 இல் வீனர் பெயரில் விருது ஒன்றை நிறுவியது. விண்வெளி ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தின் ஆலோசனைக் குழுவிலிருந்து 1985 இல் விலகிய டேவிட் பார்னாஸ் அதன் முதல் விருதையும், ஜோசப் வைசன்பாம் 1988 ஆம் ஆண்டு விருதையும் பெற்றனர். அவ்வமைப்பு 2013 இல் கலைக்கப்பட்டது.