மூன்று கைகளில் கலப்பையைத் தந்தவர்

மஸி பேர்கசன் என்ற பெயரை அறியாத உழவர் வட மாகாணத்தில் இருப்பது அரிது. வேலணையிலும் புங்குடுதீவிலும் காலபோக மழையை எதிர்பார்த்து வயலில் இறங்கும் உழவு இயந்திரங்களின் முகப்பில் நெடுங்காலமாகக் கண்டுவந்த பெயர் அது. 1990இல் வெளியேற்றப்பட்டு, போர் முடிந்த 2009இன் பின் மன்னார் முசலிக்குத் திரும்பிக் காடேறிய வயல்களைத் திருத்திய முஸ்லிம் உழவர்களுக்கும் அது புதிய பெயரன்று. ஆனால் அது இரு பெயர்களின் சேர்க்கை. மஸி என்பது கனடாவில் விவசாயக் கருவிகள் செய்த குடும்பத்தின் பெயர். பேர்கசன் அயர்லாந்துக்காரர். இன்று எந்த நிறுவனத்தின் உழவு இயந்திரத்தை வாங்கினாலும், அதன் பின்புறத்தில் கலப்பையைத் தாங்கி நிற்கும் மூன்று இரும்புக் கைகள் அவரது சிந்தனையில் உருவானவையே.

ஹரி பேர்கசன் 1884ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் திகதி, அயர்லாந்தின் வடபகுதியில் டவுன் மாவட்டத்தில், பதினொரு பிள்ளைகள் கொண்ட உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் கடுமையான சமயக் கட்டுப்பாடு உடையவர். மகனுக்கோ அந்தக் கட்டுப்பாடும் பிடிக்கவில்லை, குதிரைக்குப் பின்னால் நடந்து உழும் வேலையும் பிடிக்கவில்லை. 1902இல் பெல்பாஸ்ட் நகரில் தமையனார் நடத்திய சைக்கிள், மோட்டார் திருத்தகத்தில் சேர்ந்தார். அங்கே இருந்துகொண்டு தாமே ஒரு விமானத்தைச் செய்து, 1909 டிசெம்பர் 31ஆம் திகதி அதைப் பறக்கவும் விட்டார். ஏறத்தாழ 130 யார் தூரமே பறந்தது என்றாலும் அயர்லாந்து மண்ணிலிருந்து எழுந்த முதல் விமானம் அதுதான். மண்ணை வெறுத்து ஓடிய அந்த இளைஞரை மண்ணே மீண்டும் அழைத்தது.

முதலாம் உலகப் போரில் பிரித்தானியாவுக்கு உணவு ஏற்றிவந்த கப்பல்களை ஜேர்மனிய நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. உள்நாட்டில் உழவைப் பெருக்க வேண்டிய நெருக்கடி ஏற்பட்டது. 1917இல் அயர்லாந்தின் விவசாயத் திணைக்களம், உழவு இயந்திரங்களின் வேலையைச் சீர்செய்யும் பொறுப்பைப் பேர்கசனிடம் ஒப்படைத்தது. தம் தொழிற்கூடத்தின் நிபுணரான வில்லி சான்ட்ஸ் என்பவருடன் அவர் நாடெங்கும் சுற்றினார். கண்டதெல்லாம் ஒரே காட்சி. குதிரை இழுத்த கலப்பையைச் சங்கிலியால் இயந்திரத்தின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிடிப்புக்காக இயந்திரங்களை மிகப் பாரமாகச் செய்தார்கள். அந்தப் பாரம் மண்ணை இறுக்கியது. பாரம் குறைந்த இயந்திரத்திலோ வேறோர் ஆபத்து இருந்தது. கொழு கல்லில் சிக்கினால் கலப்பை நின்றுவிடும், சில்லுகள் நிற்கமாட்டா. முன்பக்கம் கிளம்பி இயந்திரம் பின்னால் புரளும். ஓட்டுநர் அதன் கீழே நசுங்குவார். அப்படி இறந்தவர்கள் பலர்.

இங்கேதான் பேர்கசனின் தனித்தன்மை தெரிகிறது. மற்றவர்கள் இயந்திரத்தைத் திருத்த முற்பட்டபோது, அவர் இயந்திரத்துக்கும் கலப்பைக்கும் இடையிலுள்ள தொடுப்பைத் திருத்த முற்பட்டார். நம் முன்னோர் எருது பூட்டி உழுதபோது மேழி பிடித்த கை செய்த வேலையை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். நிலம் கடினமானால் பிடியைத் தளர்த்துவதும், இளகினால் அழுத்துவதும், கல் தட்டினால் தூக்கிவிடுவதும் அந்தக் கை அறிந்த வித்தை. எருதின் இடத்துக்கு இயந்திரம் வந்தபோது மேழி பிடித்த கை காணாமற் போய்விட்டது. அதை இரும்பிலும் எண்ணெயிலும் மீண்டும் செய்வதற்கு அவருக்கு இருபது ஆண்டுகள் ஆயின.

அவர் கண்ட வழி இது. கீழே இரண்டு கைகள் கலப்பையை இழுக்கின்றன. மேலே நடுவில் ஒரு கை இருக்கிறது. மண்ணின் எதிர்ப்பு கொழுவைப் பின்னுக்குத் தள்ளும்போது கலப்பையின் மேற்பகுதி முன்னுக்குச் சாய முயல்கிறது. அதனால் மேற்கை இயந்திரத்தை நோக்கி அழுத்துகிறது. அந்த அழுத்தம் இயந்திரத்தின் மூக்கு கிளம்பாமல் தடுக்கிறது. கலப்பையின் பாரமும் மண்ணின் பாரமும் பின்சில்லுகளில் இறங்கிப் பிடிப்பைக் கொடுக்கின்றன. ஆகவே இயந்திரம் பாரமாக இருக்க வேண்டியதில்லை. மேற்கையின் அழுத்தம் ஒரு சுருள்வில்லை நெருக்கி எண்ணெய் அமுக்கத்தின் வால்வைத் திறந்து மூடுகிறது; எதிர்ப்பு மிகுந்தால் கலப்பை சற்றே உயர்கிறது, குறைந்தால் தாழ்கிறது. கொழு கல்லில் முட்டினால் அமுக்கம் விடுபட்டுச் சில்லுகளின் மேலிருந்த பாரம் நீங்குகிறது. சில்லுகள் நின்ற இடத்தில் சுழல்கின்றனவே அன்றி இயந்திரம் புரள்வதில்லை. எண்ணெய் அமுக்கத்தால் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் இம்முறைக்கு 1926இல் காப்புரிமை கிடைத்தது. 1933இல் பெல்பாஸ்டில் கறுப்பு நிறத்தில் ஒரு மாதிரி இயந்திரம் தயாரானது. 1936இல் டேவிட் பிரவுண் நிறுவனத்துடன் சேர்ந்து விற்பனைக்குக் கொண்டுவந்தபோது ஏறத்தாழ 1350 இயந்திரங்களே போயின. தொடுப்பு புதிது என்பதால் பழைய கருவிகள் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் புதிதாக வாங்க உழவருக்கு வசதியில்லை.

1938 ஒக்டோபரில் ஓர் இயந்திரத்தைக் கப்பலேற்றிச் சென்று அமெரிக்காவில் ஹென்றி போர்டின் வீட்டு நிலத்தில் உழுது காட்டினார். இருவரும் கைகுலுக்கி உடன்பட்டார்கள்; எழுத்தில் எதுவுமில்லை. மறுஆண்டு வெளிவந்த போர்ட்-பேர்கசன் 9என் அறிமுக விழாவில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை ஓட்டச் செய்து காட்டினார்கள். 1947 வரையில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. அந்த ஆண்டு ஹென்றி போர்ட் இறந்தார். பேரன் அந்த உடன்பாட்டைக் கைவிட்டு, அதே தொடுப்புடன் தமது சொந்த இயந்திரத்தை விற்கத் தொடங்கினார். பேர்கசன் 25 கோடி டொலருக்கு மேல் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார். 1952இல் 92.5 இலட்சம் டொலருடன் வழக்கு முடிந்தது. கைகுலுக்கலை நம்பிய அவரைப் பேதை என்று சிலர் சொல்வதுண்டு. வாக்கை எழுத்தாக எண்ணும் உழவர் வழக்கத்தில் வளர்ந்தவர் அவர் என்பதை நாம் மறக்கலாகாது.

வழக்கு நடந்த காலத்திலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. இங்கிலாந்தின் கொவன்றி நகரில் 1946இல் தொடங்கிய டிஈ20 என்னும் சாம்பல் நிறச் சிறு இயந்திரம் பத்தாண்டுகளில் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென்துருவத்தை அடைந்ததும் அதே வகை இயந்திரங்களில்தான். 1953இல் கனடாவின் மஸி-ஹரிஸ் நிறுவனத்துடன் இணைந்தார். விலையில் எழுந்த பத்து இலட்சம் டொலர் வேறுபாட்டை நாணயம் சுண்டித் தீர்க்கலாம் என்றார், சுண்டினார்கள், தோற்றார். எவரோடும் ஒத்துப்போகாத பிடிவாதக்காரரான அவர் அடுத்த ஆண்டே அங்கிருந்தும் விலகினார். 1960 ஒக்டோபர் 25ஆம் திகதி தமது இங்கிலாந்து இல்லத்தில் காலமானார். மஸி பேர்கசன் கூட்டுறவுடன் சென்னையில் டாபே நிறுவனம் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

தீவகத்துக்கு அவர் பணி எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பது தனிக் கேள்வி. இங்கே பல இடங்களில் மேல்மண் மெல்லியது. அதன் கீழே சுண்ணாம்புக்கல். நெடுந்தீவில் வேலிக்குப் பதிலாகக் கல்மதில் எழுப்பும் அளவுக்குக் கல் மலிந்திருக்கிறது. ஆழ உழுதால் பயனில்லை. கல்தான் மேலே வரும், கொழுவும் உடையும். இக்காலத்துச் சிறு உழவு இயந்திரங்கள் பலவற்றில் மண்ணின் எதிர்ப்பை உணரும் அமைப்புக் கிடையாது. கைகளின் உயரத்தை நெம்புகோல் தீர்மானிக்கிறது, அவ்வளவே. முன்சில்லு மேட்டில் ஏறினால் கொழு மேலும் ஆழ இறங்கிவிடும். கலப்பைச் சட்டத்தில் ஆழத்தை அளக்கும் சிறு சில்லு ஒன்றைப் பொருத்தினால் இக்குறை பெரிதும் தீரும். மேற்கையைத் திருகிச் சற்றே நீட்டினால் கொழுவின் முனை நிமிரும், உழவு மேலாகும், குறுக்கினால் ஆழமாகும். மேற்கைக்குப் பதிலாக எண்ணெய் உருளையைப் பொருத்தி, இருக்கையிலிருந்தே இதைச் செய்யும் மாற்றமும் பிற நாடுகளில் பரவியுள்ளது.

ஆனால் பனங்குற்றியைப் பிடுங்குவதற்கு மேற்கை பூட்டும் இடத்தில் சங்கிலியை மாட்டுவது உயிரைப் பணயம் வைக்கும் காரியம். அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால், பேர்கசன் இருபது ஆண்டுகள் பாடுபட்டு நீக்கிய அதே புரளலை நாமே திரும்ப வரவழைத்தவர்களாவோம். இழுக்கும் சங்கிலிக்குரிய இடம் அச்சுக்குக் கீழேயுள்ள இழுவைச் சட்டம்தான்.