கைதியை ஆசானாகக் கொண்ட அறிஞர்

மொழியொன்று இறந்துபடுமுன் அதனை ஏட்டிற் பதித்து வைத்த பெரியாருள் வில்கெல்ம் பிளீக் என்பாரை நாம் மறத்தலாகாது. 1827ஆம் ஆண்டு பேர்லின் நகரிற் பிறந்த இவர், யேர்மனியிலே கலாநிதிப் பட்டம் பெற்று, 1855இல் தென்னாபிரிக்காவை அடைந்தார். கேப்ரவுண் நகரில் சேர் ஜோர்ஜ் கிறேயின் நூல்நிலையத்தைப் பேணியவாறே, 1862இல் தென்னாபிரிக்க மொழிகளின் ஒப்பிலக்கண முதற்பாகத்தை வெளியிட்டார்.

அந்நாட்டுத் தொல்குடியினரான சான் மக்களுள் ஒரு சாரார் பேசிய கம் மொழி, நாவைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் மிக்கது. குடியேறியோர் நிலங்களைக் கவர்ந்து அம்மக்களைக் கொன்றொழித்தமையால், அவர்தம் மொழியும் அருகிற்று. 1870இல் கேப்ரவுண் சிறையிலே சான் கைதிகள் 28 பேர் உளரென அறிந்த பிளீக், அரசின் இசைவு பெற்று அவருட் சிலரைத் தம் இல்லத்திற் குடியிருத்தினார். கால்நடை கவர்ந்தமைக்காகத் தண்டிக்கப்பட்ட கப்போ என்னும் முதியவர், தண்டனைக்காலம் முடிந்த பின்னரும் 1873வரை அங்கே தங்கிக் கற்பித்தார். கலாநிதி மாணாக்கராய் இருந்து, அவர் சொன்ன கதைகளைச் சொல்லுக்குச் சொல் எழுதினார்.

1875இல், 48ஆம் அகவையிற் பிளீக் மறைந்தார். தொடக்கமுதல் உடனிருந்து எழுதிய அவர் மைத்துனியார் லூசி லொயிட் அம்மையார், அப்பணியைத் தொடர்ந்து, 1911இல் நூலாக்கினார்.

இன்று கம் மொழி பேசுவார் எவருமிலர். ஆயினும், 2000ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்கா தன் அரச இலச்சினையில் அம்மொழித் தொடரொன்றையே பொறித்தது. அத்தொடரை அமைத்தற்கு உதவியவை பிளீக் வீட்டுக் குறிப்பேடுகளே.

கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட நாம், எழுத்தறியாதாரிடத்தும் பணிந்து கற்கும் பண்பினை இப்பெரியாரிடம் பெறுவோமாக.