ஆகஸ்ட் சாண்டர்

ஆகஸ்ட் சாண்டர் (நவம்பர் 17, 1876 – ஏப்ரல் 20, 1964) ஜெர்மனியைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் ஆவார். உருவப்படங்களில் அசைவின்மையையும் உணர்ச்சி கலவாத பார்வையையும் ஒரு முறையாகவே கையாண்டவர். "இருபதாம் நூற்றாண்டின் மக்கள்" என்னும் படத்தொகுதி இவரது வாழ்நாள் பணியாகும்.

வாழ்க்கை

ஹெர்டோர்ஃப் என்னும் சுரங்க ஊரில் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்தபோது, அங்கு வந்த ஒளிப்படக்காரருக்கு உதவியதன் மூலம் இக்கலை இவருக்கு அறிமுகமானது. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் ஒளிப்பட நிலையம் நடத்திய பின்னர், 1910 அளவில் கொலோன் நகரில் குடியேறினார். அங்கிருந்து வெஸ்டர்வால்ட் பகுதிக்கு மிதிவண்டியில் சென்று உழவர் குடும்பங்களைப் படம் பிடித்தார்.

ஒளிப்பட முறை

சாண்டர் பெரிய ஒளிப்படக் கருவியையும் கண்ணாடித் தகடுகளையும் பயன்படுத்தினார். படம் பதியச் சில வினாடிகள் ஆகும் என்பதால் எதிரே இருப்பவர் அசையாதிருக்க வேண்டும். சிரிப்போ சோகமோ அவ்வளவு நேரம் முகத்தில் இயல்பாக நிலைப்பதில்லை. எனவே நிற்கும் விதம், கைகள், உடை, தொழிற்கருவி ஆகியவையே ஆளைப் பற்றிக் கூறுகின்றன. 1928 இல் எடுக்கப்பட்ட, கலவைப் பாத்திரத்துடன் நிற்கும் இனிப்பு தயாரிப்பாளரின் படம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். பெரும்பாலான படங்களின் தலைப்பில் பெயர் இராது, தொழில் மட்டுமே இருக்கும். மனிதரை வெறும் வகைகளாகச் சுருக்குகிறது என்ற விமரிசனமும் இம்முறை மீது உண்டு.

நாட்சி ஆட்சியில்

1929 இல் 60 படங்களுடன் "காலத்தின் முகம்" நூல் வெளியானது. எழுத்தாளர் அல்ஃபிரட் டோப்லின் முன்னுரை எழுதினார். 1936 இல் நாட்சி அரசு இந்நூலின் அச்சுத் தகடுகளை அழித்தது. இடதுசாரி அரசியலில் ஈடுபட்ட மூத்த மகன் எரிக் 1934 இல் கைதானார். பத்தாண்டுச் சிறைத் தண்டனை முடியும் முன்பே, 1944 இல் சிறையிலிருந்த நிலையில் இறந்தார்.

1938 அளவில் கொலோன் யூதர்கள் பலர் அடையாள அட்டைப் படத்துக்காக இவரிடம் வந்தனர். போருக்குப் பின் சாண்டர் அப்படங்களைத் தம் தொகுதியில் சேர்த்தார். எரிக் சிறையில் எடுத்த அரசியல் கைதிகளின் படங்களும், எரிக்கின் மரண முகவார்ப்பின் படமும் அதில் இடம்பெற்றன. நாட்சிகளின் படங்களும் அதே தொகுதியில் உள்ளன. துன்புறுத்தியவரையும் துன்புற்றவரையும் தம் மகனையும் அவர் ஒரே அமைதியுடன் வரிசைப்படுத்தினார். பார்ப்பவருக்கு உணர்ச்சியைச் சுட்டிக்காட்டாமல் விட்டதே இவ்வரிசையின் வலிமையாகக் கருதப்படுகிறது.

இறுதிக்காலம்

போர்க்காலத்தில் இவரது நிலையம் குண்டுவீச்சில் அழிந்தது. 1946 இல் ஏற்பட்ட தீயில் 25,000 முதல் 30,000 வரையான எதிர்மறைத் தகடுகள் எரிந்தன. தொகுதியை முடிக்காமலேயே 1964 இல் கொலோனில் காலமானார். அத்தொகுதி, மகன் குந்தரின் முயற்சியால் 1980 இல் நூலாக வெளிவந்தது.