கணித மேதை இராமானுஜம்: வாழ்வும் நோயும்

தமிழகம் உலகிற்கு அளித்த பெருமக்களுள் கணித மேதை சீனிவாச இராமானுஜத்திற்குத் தனியிடம் உண்டு. அவர் வறுமையில் வளர்ந்ததும், கடல் கடந்து சென்று புகழ் பெற்றதும், முப்பத்திரண்டாம் வயதிலேயே மறைந்ததும் நம்மில் பெரும்பாலோர் அறிந்த வரலாறே. ஆயினும் அப்பேரறிவாளரை நம்மிடமிருந்து பிரித்த நோய் யாது என்று கேட்டால், காசநோய் என்றே பலரும் விடை கூறுவர். அவ்விடையை ஐயுறுவதற்குத் தக்க காரணங்கள் உள. மருத்துவமனைகளில் அரிதாகக் காணப்படும் நோய்களைப் பற்றிப் பேசுவோர் இன்றும் எடுத்துக்காட்டும் வரலாறு அது. நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் அறிந்து பயன்பெறத் தக்க செய்தியும் அதில் அடங்கியுள்ளமையால், அதனை ஆண்டு விழா மலரின் வாயிலாக அன்பர்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

இராமானுஜம் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள், ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கராக இருந்தவர். தாயார் கோமளத்தம்மாள் பத்தியும் உறுதியும் மிக்க அம்மையார். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் இருந்த சிறு வீட்டிலேயே அம்மேதை வளர்ந்தார். இரண்டாம் வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தார்.

கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது கார் என்பார் தொகுத்த கணிதச் சூத்திர நூல் ஒன்று அவர் கைக்குக் கிட்டியது. அதன் பின் அவர் உள்ளம் வேறெதனையும் நாடவில்லை. கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டமையால் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பெற்ற உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்வில் வெற்றி பெற்றாரில்லை. 1909ஆம் ஆண்டில் ஜானகி அம்மையாரை மணந்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் விரைவீக்கத்திற்காக அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. மருத்துவர்க்குக் கொடுக்கப் பொருளில்லாத அக்குடும்பத்திற்கு ஒரு மருத்துவர் கட்டணம் பெறாமலேயே அதனைச் செய்து உதவினார். இதற்கும் மேலாக, அவர் இந்தியாவை விட்டுப் புறப்படுமுன் இருமுறை சீதபேதியால் வருந்தினார். இவ்விரு செய்திகளையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

கடல் கடந்த பயணம்

1912ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். அங்கே சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், நாராயண ஐயர் ஆகிய இருவரும் அவருடைய அறிவின் ஆழத்தை உணர்ந்து ஆதரித்தனர். 1913 ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜில் இருந்த பேரறிஞர் ஹார்டிக்குத் தம் கண்டுபிடிப்புகளை எழுதி அனுப்பினார். முன்பின் அறியாத ஓர் எழுத்தரின் கடிதத்தை ஹார்டி ஒதுக்கித் தள்ளவில்லை. நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்து, இதனை எழுதியவர் ஒப்பற்ற கணித அறிஞர் என்னும் முடிவிற்கு வந்தார். சென்னைப் பல்கலைக் கழகமும் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச்சு 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் இராமானுஜம் இங்கிலாந்திற்குப் புறப்பட்டார்.

சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. புலால் உண்ணாத விரதத்தை விடாது காத்த அவர்க்குக் காய்கறியும் பருப்பும் கிடைப்பதே அரிதாயிற்று. தம் கையாலேயே சமைத்து, வேளை தவறி உண்டு, இரவு பகல் பாராது உழைத்தார். கடுங்குளிரும் தனிமையும் அவரை வாட்டின. ஆயினும் அவ்வாண்டுகளிலேதான் எண்களின் பிரிவினை முதலிய துறைகளில் உலகம் வியக்கும் கட்டுரைகள் வெளிவந்தன.

நோயும் மருத்துவர்களும்

1917ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் அவர் நோயுற்றார். விட்டுவிட்டு வரும் காய்ச்சல் இரவில் மிகுந்தது. உடல் மெலிந்தது. வயிற்றில் நோவு கண்டது. முதலில் கேம்பிரிட்ஜில் ஒரு மருத்துவ விடுதியில் சேர்க்கப்பெற்றார். பின்னர் மெண்டிப் மலையிலும், மாட்லாக்கிலும், இலண்டனிலும், பட்னியிலுமாக ஒன்றன்பின் ஒன்றாகப் பல விடுதிகளில் நாட்களைக் கழித்தார்.

மெண்டிப் மலை விடுதியை நடத்தியவர் நம் நாட்டினரான டாக்டர் சௌரி முத்து ஆவார். காசநோய் மருத்துவத்தில் பெயர் பெற்ற அவரே பிற்காலத்தில், 1928ஆம் ஆண்டில், தாம்பரம் சானடோரியத்தை நிறுவினார். சென்னை மின்சார இரயிலில் சென்றோர் அனைவரும் அறிந்த சானடோரியம் நிலையம் அம்மருத்துவமனையின் பெயரையே தாங்கி நிற்கிறது.

மருத்துவர்கள் முதலில் இரைப்பைப் புண் என்றனர். அடுத்துக் காசநோய் என்றனர். முன்னர் நிகழ்ந்த அறுவைச் சிகிச்சையைப் பற்றி அறிந்த மருத்துவர் ஒருவர், அன்று நீக்கப்பட்டது புற்றுநோயாக இருந்து அது கல்லீரலுக்குப் பரவியிருக்குமோ என்று அஞ்சினார். மாதங்கள் பல கடந்தும் நோய் அவ்வாறு முற்றாமையால் அக்கருத்துக் கைவிடப்பட்டது. இறுதியில் காசநோய் என்னும் முடிவே நிலைத்தது. அந்நாளில் காசநோய்க்கு மருந்து கிடையாது. பனிக்காற்று வீசும் அறைகளில் சன்னல்களைத் திறந்து வைத்து நோயாளியைப் படுக்க வைப்பதும், ஊட்டமான உணவு கொடுப்பதுமே மருத்துவமாக இருந்தன. காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்த ஒருவர்க்கு அது எத்தகைய துன்பம் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்நிலையிலும் புகழ் அவரைத் தேடி வந்தது. 1918ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1841ஆம் ஆண்டில் அச்சிறப்பைப் பெற்ற பம்பாய்க் கப்பற் பொறியாளர் அர்தசீர் கர்செட்ஜிக்குப் பின் அதனைப் பெற்ற இந்தியர் இவரே. அதே ஆண்டு அக்டோபரில் திரினிட்டிக் கல்லூரியின் பெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பட்னியில் படுக்கையில் இருந்தபோதுதான், ஹார்டி ஏறி வந்த வாடகை வண்டியின் எண்ணாகிய 1729, இரு கன எண்களின் கூட்டாக இருவேறு வகையில் எழுதக்கூடிய எண்களுள் மிகச் சிறியது என்று உடனே எடுத்துரைத்தார். ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் சேர்ந்தால் அவ்வெண் வரும். ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் சேர்ந்தாலும் அதுவே வரும்.

தாயகம் திரும்புதல்

அவ்வாண்டின் இறுதியில் உடல்நிலை சற்றுத் தேறியது, எடையும் கூடியது. போரும் முடிந்தது. 1919 பிப்ரவரி 27ஆம் நாள் நகோயா கப்பலில் புறப்பட்டு, மார்ச்சுத் திங்களில் மும்பைத் துறைமுகத்தில் இறங்கினார். தாயாரும் தம்பியும் வந்து எதிர்கொண்டனர். இராமானுஜம் தாயகம் திரும்பி முதலில் மிதித்த மண் நாம் இன்று வாழும் மராத்திய மண்ணே என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும்.

சென்னையில் சில நாட்கள் தங்கியபின் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியிலும், பின்னர்க் கும்பகோணத்திலும் வசித்தார். சென்னையில் காசநோய் மருத்துவத்தில் வல்லவரான டாக்டர் சந்திரசேகர் அவர்க்கு மருத்துவம் பார்த்தார். 1920 ஜனவரியில் மீண்டும் சென்னைக்குக் கொண்டுவரப்பெற்றார். அம்மாதம் 12ஆம் நாள் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் போலித் தீட்டாச் சார்புகள் எனப்படும் புதிய கண்டுபிடிப்பை அறிவித்தார். எலும்பும் தோலுமாய்ப் படுத்திருந்த நிலையிலும் அவர் கை எழுதுவதை நிறுத்தவில்லை. ஜானகி அம்மையார் அருகிலிருந்து பணிவிடை செய்தார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சேத்துப்பட்டில் இராமானுஜம் இயற்கை எய்தினார்.

நோயின் மூலம் யாது?

எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1994ஆம் ஆண்டில், டி. ஏ. பி. யங் என்னும் ஆய்வாளர் இராமானுஜத்தின் நோய் பற்றிய பழைய குறிப்புகளையும் கடிதங்களையும் ஒன்று திரட்டி ஆராய்ந்து, ராயல் சொசைட்டியின் வரலாற்று ஏட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். காசநோய் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றும், அவரைப் பற்றியிருந்தது பெரும்பாலும் கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயே என்றும் அவர் முடிவு கூறினார்.

அந்நோயின் போக்கு விந்தையானது. மாசுற்ற நீரின் வழியாகக் குடலுக்குள் புகும் அமீபாக் கிருமி சீதபேதியை உண்டாக்குகிறது. பேதி நின்றுவிட்டால் நோய் தீர்ந்ததென்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் கிருமி முற்றிலும் அழியாவிடில், அது குடலிலேயே ஒளிந்திருந்து, இரத்தக் குழாய் வழியே கல்லீரலை அடைந்து, அங்குச் சீழ்க்கட்டியை உண்டாக்கக்கூடும். இது மாதங்கள் கழித்தும் நிகழலாம். ஆண்டுகள் கழித்தும் நிகழலாம். அப்போது நோயாளிக்குப் பேதி இருப்பதில்லை. காய்ச்சலும், மெலிவும், வலப்பக்க மேல்வயிற்று நோவும் மட்டுமே தோன்றும். மலத்தைச் சோதித்தாலும் பல வேளைகளில் கிருமி அகப்படுவதில்லை. அரிதாகச் சிலர்க்குக் கட்டி உடைந்து மார்புக்குள்ளும், இதயத்தைச் சூழ்ந்த உறைக்குள்ளும் சீழ் பாய்வதுண்டு. ஆகவே பழைய சீதபேதியைப் பற்றிக் கேட்டறியாத மருத்துவர், எத்துணைத் திறமை உடையவராயினும், வழி தவறுதல் எளிது.

வருந்தத் தக்க செய்தி ஒன்றுண்டு. அமீபா நோய்க்கு அந்நாளிலேயே மருந்து இருந்தது. 1912ஆம் ஆண்டில் கல்கத்தாவில் லெனார்டு ரோஜர்ஸ் என்னும் மருத்துவர், எமெட்டின் என்னும் மருந்தை ஊசி வழியே செலுத்தி அமீபா நோயைக் குணப்படுத்தலாம் என்று காட்டியிருந்தார். நோயின் பெயர் தெரிந்திருந்தால், மருந்தும் எட்டாத் தொலைவில் இருந்திருக்காது. இறந்த பின் உடற்சோதனை ஏதும் நடைபெறாமையால் யங்கின் முடிவை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க இயலாது. எனினும் மற்றக் கருத்துகளைவிட அதுவே சான்றுகளோடு பொருந்தி நிற்கிறது.

எஞ்சிய செல்வம்

நோய்ப்படுக்கையில் எழுதிய தாள்களை ஜானகி அம்மையார் பல்கலைக் கழகத்திடம் ஒப்படைத்தார். அவை ஹார்டிக்கு அனுப்பப்பெற்று, பலர் கை மாறி, திரினிட்டிக் கல்லூரி நூலகத்தை அடைந்தன. அங்கே 1976ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்க அறிஞர் அவற்றைக் கண்டெடுத்தார். 100 பக்கங்களுக்கும் மேற்பட்ட அத்தாள்கள் இன்றும் கணித உலகிற்கு வேலை கொடுத்து வருகின்றன. ஜானகி அம்மையார் சில ஆண்டுகள் மும்பையில் தமையனார் இல்லத்தில் தங்கித் தையற்கலை பயின்று, பின்னர்த் திருவல்லிக்கேணியில் அத்தொழிலைக் கொண்டே தம் காலில் நின்று வாழ்ந்து, 1994ஆம் ஆண்டில் மறைந்தார்.

நாம் கொள்ள வேண்டியது

நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்தறிந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. மூலத்தை ஆராயும் பொறுப்பு மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று; நோயாளிக்கும் அவர் குடும்பத்தார்க்கும் அதில் பங்குண்டு. பிறந்த ஊரில் வந்த நோயை அயலூர் மருத்துவர் எவ்வாறு அறிவார்? பணியின் பொருட்டு ஊர் ஊராக மாறி, விஷ்ராந்த்வாடியில் வந்து குடியேறியுள்ள நம் போன்றோர்க்கு இவ்வரலாறு சிறப்பாகப் பொருந்தும். பிள்ளைப் பருவத்தில் கண்ட நோய், செய்துகொண்ட அறுவைச் சிகிச்சை, உண்ட மருந்து ஆகியவற்றை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்து, மருத்துவமனைக்குச் செல்லும்போது உடன் கொண்டு செல்லுதல் நலம். சிறிதென்று எண்ணி எதனையும் மறைத்தல் கூடாது. சீதபேதி கண்டால், பேதி நின்றவுடன் மருந்தை நிறுத்தாமல், மருத்துவர் குறித்த நாள் வரை உண்ணல் வேண்டும். குடிநீரைக் காய்ச்சிப் பருகுதல் வேண்டும்.

இன்று ஒலி அலைப் படத்தின் வாயிலாகக் கல்லீரற் கட்டியை மருத்துவர் சில நிமிடங்களில் கண்டறிகின்றனர். மாத்திரைகளாலும், தேவையாயின் ஊசி கொண்டு சீழை வெளியேற்றுவதாலும் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர். நம் மேதைக்குக் கிட்டாத அந்நற்பேறு நம் குழந்தைகளுக்குக் கிட்டியுள்ளது. நம் காலனியில் பயிலும் சிறுவர் சிறுமியருள்ளும் ஓர் இராமானுஜம் இருக்கக்கூடும். அவர்களுடைய அறிவைப் போலவே உடல்நலத்தையும் பேணி வளர்ப்பது நம் அனைவரின் கடமையாகும்.