பத்து வெள்ளியில் ஒரு தோட்டம்: துன் சம்பந்தன் பணம் கேட்ட விதம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போன எல்லாரும் ஜாலான் துன் சம்பந்தனில் நடந்திருப்போம். அவர் மந்திரியாக இருந்தார், ம.இ.கா. தலைவராக இருந்தார் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் சின்னக் கிளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் காசுக்கு அலையும் நம்மைப் போன்ற இளைஞர்களுக்கு அவர் வாழ்க்கையில் தனியாக ஒரு பாடம் இருக்கிறது. அவர் ஏழைகளிடம் பணம் கேட்டவர். கேட்டதை வாங்கியவர். வாங்கிய பணம் என்ன ஆனது என்று கண்ணுக்கு முன்னால் காட்டியவர்.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் 1919 ஜூன் 16-ஆம் தேதி பிறந்தார். முழுப் பெயர் திருஞானசம்பந்தன். தமிழ்நாட்டிலிருந்து வந்து உழைத்து ரப்பர் நிலம் சேர்த்த வீராசாமியின் மகன். கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்துவிட்டு, சிதம்பரத்துக்குப் போய் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். ஊர் திரும்பியதும் பொதுவேலையில் இறங்கினார். சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்தது அவருடைய முயற்சியால்தான். 1955-இல் ம.இ.கா. தலைவரானார். 1957-இல் நாடு சுதந்திரம் பெற்றபோது துங்குவோடு சேர்ந்து நின்ற தலைவர்களில் அவரும் ஒருவர். தொழிலாளர் துறை, சுகாதாரம், பொதுப்பணி, தபால் தந்தி என்று பல துறைகளுக்கு மந்திரியாக இருந்தார்.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் வரும். நான் சொல்ல வந்தது வேறு.

துண்டாடல் வந்த காலம்

நாடு சுதந்திரம் பெறப்போகிறது என்று தெரிந்ததும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தங்கள் தோட்டங்களை விற்க ஆரம்பித்தன. வாங்கியவர்கள் தோட்டத்தை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. துண்டு துண்டாகப் பிரித்துச் சின்ன முதலாளிகளுக்கு விற்றார்கள். நம்ம பெரியவர்கள் இதைத்தான் 'துண்டாடல்' என்பார்கள். பத்து ஏக்கர் வாங்கியவருக்குப் பத்துக் குடும்பம் எதற்கு? வேலை போனது. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் வீடும் போனது. கூடவே தோட்டத்துக் கோவிலும் தமிழ்ப்பள்ளியும் ஆட்டம் கண்டன. என் தாத்தாவும் செபராங் பிறையில் பால்மரம் வெட்டியவர்தான். அந்தக் காலத்தில் எந்த வாரம் பிரட்டில் பெயர் கூப்பிடாமல் விடுவார்களோ என்ற பயத்திலேயே தூங்கினோம் என்பார்.

சம்பந்தன் அப்போது மந்திரி. அறிக்கை விட்டு நிறுத்தியிருக்கலாம். பணக்கார இந்தியர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு நிதி கேட்டிருக்கலாம். அப்படி வரும் பணத்தில் ஒரு வருடம் அரிசி கொடுக்க முடியும், அவ்வளவுதான். வேலையும் வீடும் நிற்க வேண்டுமென்றால் தோட்டத்தையே வாங்க வேண்டும் என்று முடிவு செய்தார். அவ்வளவு பணத்துக்கு அவர் போனது அந்தத் தொழிலாளிகளிடமே.

1960-இல் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கம் பதிவானது. கே.ஆர். சோமசுந்தரம் போன்றவர்கள் கூடவே நின்றார்கள். ஒரு பங்கு நூறு வெள்ளி. ஒரே தடவையில் கட்ட யாராலும் முடியாது. அதனால் மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டலாம் என்றார்கள். பத்து வெள்ளி என்பது அன்றைக்கு ஒரு தொழிலாளிக்குப் பல நாள் கூலி. சும்மா தூக்கிக் கொடுக்கிற காசு இல்லை.

மந்திரி வேலையையும் பார்த்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார். சீட்டுக் கட்டி ஏமாந்தவர்கள் எந்தத் தோட்டத்திலும் இருப்பார்கள். கூலிக்காரன் காசில் தோட்டம் வாங்குவதா, நடக்கிற கதையா என்று சிரித்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குப் பதில் 1961-இல் வந்தது. பினாங்குக்குப் பக்கத்திலிருக்கும் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதற்குப் பிறகு உறுப்பினர்கள் பல்லாயிரமாகப் பெருகினார்கள். தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. மரம் வெட்டுகிறவரே தோட்டத்துக்குப் பங்காளி ஆனார்.

நம்ம கிளைக்கு என்ன?

நான் பொறியியல் படிக்கிறேன். ஒரு கூரையின் மொத்தப் பாரத்தையும் ஒரே தூணில் ஏற்றக்கூடாது என்பது முதல் வருடத்திலேயே சொல்லித்தருவது. ஆனால் ஜார்ஜ்டவுனில் நம் சங்கங்கள் பலவும் பணவிஷயத்தில் அதைத்தான் செய்கின்றன. தீபாவளி விருந்தா, ஒரு டத்தோ. தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலா, அதே டத்தோ. அவருக்கு வியாபாரம் சரியில்லாத வருடம் நம்ம டியூஷன் வகுப்பும் நின்றுவிடும். எனக்குத் தெரிந்த ஒரு சிறு அமைப்பில் வருவதாகச் சொன்ன காசோலை வராமல், வகுப்பு பாதியில் நின்றது. பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சம்பந்தன் செய்ததைப் பாருங்கள். முதலில், கேட்ட தொகை தெளிவானது. உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்று சொன்னால் கேட்பவருக்குச் சங்கடம், கொடுப்பவருக்கும் குழப்பம். மாதம் பத்து, மொத்தம் நூறு என்றால் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டு முடிவு சொல்லலாம்.

அடுத்து, எதற்கு என்பதும் தெளிவானது. சமுதாய முன்னேற்றத்துக்கு என்று அவர் கேட்கவில்லை. இந்தத் தோட்டத்தை வாங்கப்போகிறோம் என்றார். நாமும் 'கல்வி நிதி' என்று பொதுவாகச் சொல்லாமல், இருபது பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு கணித வகுப்பு, வாத்தியார் சம்பளம் இவ்வளவு, நோட்டுப் புத்தகம் இவ்வளவு என்று எழுதிக் காட்டலாமே. நூறு பேர் மாதம் 10 ரிங்கிட் கொடுத்தால் வருடத்துக்கு 12,000 ரிங்கிட். அதில் பத்துப் பேர் நின்றுபோனாலும் 10,800 இருக்கும். ஒரே ஆளை நம்பியிருந்து அவர் நின்றால் மிச்சம் பூஜ்யம்.

மூன்றாவது, அவரே நேரில் போனார். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் அனுப்பிவிட்டு யாரும் கொடுக்கவில்லை என்கிறோம். போஸ்டருக்குப் பதில் சொல்ல யாருக்கும் கடமை இல்லை. எதிரே உட்கார்ந்து கேட்டால் அவர்களும் நம்மைக் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும், நல்லதுதான்.

நான்காவது, வாங்கிய பணம் எங்கே போனது என்று தெரிந்தது. புக்கிட் சிடிம் கண்ணால் பார்க்கக்கூடிய இடம். நம் கிளையிலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரவு செலவை ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். பத்து வெள்ளி கொடுத்த பாட்டிக்கும் ரசீது போக வேண்டும். வீடு வீடாகவும் தெருவிலும் வசூல் செய்ய 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். கூட்டுறவில் காசு போட்டவருக்குப் பங்கு உண்டு, லாபம் உண்டு. நமக்கு நன்கொடை தருபவருக்கு அப்படி எதுவும் திரும்பி வராது. அதனால்தான் நாம் இன்னும் கூடுதலாக மெனக்கெட வேண்டும். லாபம் தர முடியாது. ஆனால் கூட்டத்தில் ஓர் இருக்கை தரலாம், கணக்கைக் கேட்கும் உரிமை தரலாம். அந்தப் பிள்ளைகளின் வகுப்பை ஒரு சனிக்கிழமை வந்து பார்க்கச் சொல்லலாம்.

1973-இல் கட்சித் தலைமையை விட்டு விலகினார். பதவி போனாலும் கூட்டுறவுச் சங்கத்தை விடவில்லை. 1979 மே 18-ஆம் தேதி காலமானார். பொதுவாழ்வுக்கு வந்து சொத்துச் சேர்த்தவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, அப்பா விட்டுப்போன சொத்தில் பெரும்பகுதியை இழந்தவர் இவர் என்பது ஆச்சரியமாக இருக்கும். மற்றவரிடம் பத்து வெள்ளி கேட்கும் தைரியம் அவருக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அடுத்த செயலவைக் கூட்டத்துக்கு ஒரு யோசனை. ஸ்பான்சர் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால், அறையில் உட்கார்ந்திருக்கும் நாமே மாதம் பத்து வெள்ளி எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கேட்போம்.