மூன்று அழைப்புகள்: மருத்துவர் ஐடா ஸ்கடர்

நுழையும்முன்

விடுமுறைக் காலத்தில் சில வாரங்கள் தொலைநாட்டுச் சிற்றூருக்குச் சென்று தொண்டு புரிந்து திரும்பும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கும் ஆசியக் கிராமங்களுக்கும் திருச்சபைகளின் வாயிலாக இளைஞர் பலர் இவ்வாறு செல்கின்றனர். சென்றவர் அங்குள்ள துன்பத்தைக் காண்கின்றார், இயன்றதைச் செய்கின்றார், பின்னர் ஊர் திரும்புகின்றார். அவர் திரும்பிய பின் அத்துன்பத்தை யார் தீர்ப்பது? நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வினாவை எதிர்கொண்டவர் ஒருவர் உண்டு. சிறிது காலம் தங்கிச் செல்லும் எண்ணத்தோடு தமிழகம் வந்த அவர், ஓர் இரவில் நேர்ந்த நிகழ்ச்சியால் தம் வாழ்வையே இம்மண்ணுக்கு ஈந்தார்.

பிறப்பும் குடும்பமும்

ஐடா சோபியா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய குடும்பம் மருத்துவத்தையும் சமயப் பணியையும் இருகண்களாகப் போற்றிய குடும்பமாகும். பாட்டனார் ஜான் ஸ்கடர் அமெரிக்காவில் மருத்துவராகத் திகழ்ந்தவர். 1819இல் கப்பலேறி இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணப் பகுதியில் நோயாளரைப் பேணினார். பின்னர்ச் சென்னைக்கு வந்து பணியைத் தொடர்ந்தார். உடல்நலம் குன்றியதால் ஓய்வு நாடித் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைப்பகுதிக்குச் சென்ற அவர், 1855இல் அங்கேயே காலமானார். அவருடைய மைந்தர் எழுவரும் தந்தையின் வழியில் இந்தியாவில் பணியாற்றினர். அவர்களுள் ஒருவரான மருத்துவர் ஜான் ஸ்கடரே ஐடாவின் தந்தையார்.

ஐடாவின் குழந்தைப் பருவத்தில் தாது வருடப் பஞ்சம் தமிழகத்தை வாட்டியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அக்கொடுமையில் ஊர்கள் பல வெறிச்சோடின. உண்ணவும் வலுவற்றிருந்த சிறுவர்களுக்கு ரொட்டியைப் பிட்டு வாயில் ஊட்டும் வேலை, ஏறத்தாழ அவர்கள் வயதினளேயான ஐடாவுக்கும் வாய்த்தது. வழியோரங்களில் கண்ட காட்சிகள் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தன. எனினும் அவை அவரை இந்நாட்டின்பால் ஈர்க்கவில்லை. மாறாக, இத்தகைய துன்பத்தினின்று விலகி வாழவேண்டும் என்னும் எண்ணத்தையே தோற்றுவித்தன. அமெரிக்காவில் கல்வி பயின்ற காலத்தில் அவர் விரும்பியது மகிழ்ச்சியும் வசதியும் நிறைந்த வாழ்வு. ஸ்கடர் குடும்பத்தார் யாவரும் சமயப் பணியாளராகவே ஆவர் என்று பிறர் கருதியதை அவர் விரும்பவில்லை. தாம் அவ்வழியில் செல்வதில்லை என்பதில் உறுதியாக இருந்தார்.

திண்டிவனத்தில் சில காலம்

1890ஆம் ஆண்டு ஐடாவின் தாயார் திண்டிவனத்தில் நோயுற்றார். அவரைப் பேணுவதற்காக ஐடா கடல் கடந்து வந்தார். தாயாரின் உடல்நலம் தேறியதும் அமெரிக்கா திரும்புவதே அவர் எண்ணமாகும். வந்த இடத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் கற்பிக்கவும் துணைநின்றார்.

இசைமேதை இராமானுஜ ஐயங்கார் செட்டிநாட்டு அரியக்குடியில் பிறந்ததும் அதே 1890ஆம் ஆண்டில்தான். அக்காலத்தில் அரியக்குடியாயினும் திண்டிவனமாயினும், மகப்பேறு என்பது வீட்டின் ஓர் அறையில், மருத்துவச்சியின் கைப்பொறுப்பில் நிகழ்வதாகவே இருந்தது. கைதேர்ந்த மருத்துவச்சியர் எத்தனையோ உயிர்களைக் காத்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால், குழந்தை குறுக்கே கிடந்தாலோ, குருதிப்போக்கு நில்லாதுபோனாலோ அவர்களால் செய்யக்கூடியது சிறிதே. அந்நிலையில் ஆண் மருத்துவரை அழைக்க வழக்கம் இடந்தரவில்லை. பெண் மருத்துவரோ அரியர். சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே பெண்களுக்குக் கதவைத் திறந்திருந்தது. சென்னையில் பெண்களுக்கெனத் தனி மருத்துவமனை 1885இல் தோன்றியிருந்தது. இவ்வசதிகள் தலைநகரோடு நின்றுவிட்டன. திண்டிவனத்துப் பெண்ணுக்கு அவை எட்டாத தொலைவிலேயே இருந்தன.

மறக்கவொண்ணா இரவு

ஒருநாள் இரவு ஐடா விளக்கொளியில் அமர்ந்திருந்தார். வாயிலில் அழைப்பொலி கேட்டது. அந்தணர் ஒருவர் பதற்றத்தோடு நின்றிருந்தார். இளம் வயதினரான அவர் மனைவி பேறுகால வேதனையில் உயிருக்குப் போராடிக் கொண்டிருந்தார். ஐடா தம் தந்தையாரை அழைத்துச் செல்லுமாறு கூறினார். அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தீண்டுவதை அவ்வந்தணர் ஏற்கவில்லை. ஐடாவே வரவேண்டும் என்பது அவர் வேண்டுகோள். மருத்துவம் அறியாத ஐடாவால் என் செய்யக்கூடும்? வந்தவர் தளர்ந்த நடையோடு திரும்பினார்.

சிறிது நேரத்தில் இரண்டாம் முறை காலடியோசை கேட்டது. இம்முறை வந்தவர் இஸ்லாமியர் ஒருவர். அவர் இல்லத்திலும் அதே துயரம்; அதே வேண்டுகோள்; தந்தையாரைப் பற்றிச் சொன்னபோது அதே மறுப்பு. அவரும் சென்ற பின்னர், மூன்றாமவராக மற்றோர் இந்துக் குடும்பத்தலைவர் வந்து நின்றார். சமயமும் குலமும் வேறுபட்ட மூவரும் ஒரே இரவில் ஒரே உதவியை நாடினர். மூவரும் வெறுங்கையோடு திரும்பினர்.

அன்றிரவு ஐடா உறங்கவில்லை. பொழுது புலரும் வேளையில் சாப்பறையின் ஒலி அவர் செவியில் விழுந்தது. பணியாளரை அனுப்பி விசாரித்தபோது, அம்மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்னும் செய்தி வந்தது.

அவ்வூரில் மருத்துவர் இல்லாமல் இல்லை. ஐடாவின் வீட்டிலேயே தேர்ந்த மருத்துவர் இருந்தார். மருந்தும் கருவியும் இருந்தன. இல்லாதிருந்தவர் ஒரு பெண் மருத்துவர் மட்டுமே. அவ்விடத்தை இரக்கத்தாலோ நல்லெண்ணத்தாலோ நிரப்ப இயலாது. முறையான பயிற்சியால் மட்டுமே நிரப்ப இயலும் என்பதை ஐடா உணர்ந்தார். மருத்துவம் கற்று மீண்டும் வருவதாகத் தம் பெற்றோரிடம் தெரிவித்தார்.

கற்றலும் மீளலும்

அமெரிக்கா திரும்பிய ஐடா, பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர், நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியபோது அங்குச் சென்று, 1899இல் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கென மருத்துவமனை ஒன்று அமைக்கவும் பொருள் திரட்டினார். ஷெல் என்னும் வங்கியாளர், மறைந்த தம் மனைவி மேரி டேபரின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார்.

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா தமிழகம் வந்துசேர்ந்தார். தந்தையாரின் அருகிருந்து அனுபவம் பெறலாம் என்று எண்ணியிருந்தார். ஆனால், அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். புதிதாய்ப் பட்டம் பெற்ற இளம் மருத்துவர் தனித்து நின்றார். வேலூரில் அவர்கள் குடியிருந்த வீட்டின் ஒரு சிறிய அறையே முதல் மருத்துவ நிலையமாயிற்று. தொடக்கத்தில் மக்கள் தயங்கினர். தந்தையாரிடம் கொண்டிருந்த நம்பிக்கையை மகளிடம் உடனே வைக்க அவர்களுக்கு மனம் துணியவில்லை. குணமடைந்து வீடு திரும்பிய பெண்கள் ஒருவர்க்கொருவர் சொன்ன சொல்லே அத்தயக்கத்தைக் களைந்தது. 1902இல் மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை 40 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது.

சாலையோர மருத்துவம்

மருத்துவமனை எழுந்த பின்னும் ஐடாவின் மனத்தில் அமைதி ஏற்படவில்லை. நகருக்கு வர இயன்றவர் வந்தனர். வர இயலாதவர் ஊரிலேயே இறந்தனர். மாட்டுவண்டியில் வேலூரை அடைவதற்குள் நோய் முற்றிவிடும். ஒருநாள் கூலியை இழந்து வருவதும் ஏழைக்கு எளிதன்று. ஆகவே, மருத்துவமே ஊரைத் தேடிச் செல்லவேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

1909ஆம் ஆண்டு வாக்கில் அவருக்கு மோட்டார் வண்டி ஒன்று கிடைத்தது. மாடும் குதிரையும் இன்றி ஓடிவந்த அவ்வண்டியைக் கண்டு சிற்றூர் மக்கள் முதலில் அஞ்சி ஓடினர். நாளடைவில் அதன் வரவை எதிர்நோக்கிச் சாலையோர மரநிழலில் கூடலாயினர். குடியாத்தம் செல்லும் சாலையில் குறித்த இடங்களில் வண்டி நிற்கும். புண்ணைக் கழுவிக் கட்டுவது, கண்நோய்க்கு மருந்திடுவது, காய்ச்சலுக்கு மருந்து தருவது, அறுவை தேவைப்படுவோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது ஆகியன அங்கே நடந்தன.

இப்பணியின் வலிமை அதன் ஒழுங்கில் இருந்தது. ஒருநாள் வந்து மருந்தளித்துச் செல்லும் பயணம் அன்று அது. வாரந்தோறும் அதே நாளில், அதே மரத்தடிக்கு வண்டி வந்தது. சென்ற வாரம் கட்டிய புண் இந்த வாரம் ஆறியதா என்று பார்க்கப்பட்டது. நோயாளியும் மருத்துவரும் ஒருவரையொருவர் அறிந்தனர். நம்பிக்கை அவ்வாறுதான் வளர்ந்தது.

கற்பிக்கும் கைகள்

எத்துணை உழைத்தாலும் ஒருவர் கைகள் இரண்டே. கடல் கடந்து வரும் மருத்துவர்களை மட்டும் நம்பினால் இந்நாட்டுப் பெண்களின் துயர் தீராது. இந்நாட்டுப் பெண்களே மருத்துவராகவும் செவிலியராகவும் ஆகவேண்டும் என்று ஐடா கருதினார். 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்துப் பெண்களுக்கான மருத்துவப் பள்ளிக்கு அரசின் இசைவை நாடினார். மருத்துவம் கற்கப் பெண்கள் முன்வருவார்களா என்று அதிகாரிகள் ஐயுற்றனர். விண்ணப்பங்களோ எதிர்பார்த்ததினும் மிகுதியாக வந்து குவிந்தன. 1918 ஆகஸ்டில் 17 மாணவியருடன் பள்ளி தொடங்கியது. முதலாண்டுத் தேர்வில் அவர்கள் பெற்ற வெற்றி ஐயுற்றோரை வியப்பில் ஆழ்த்தியது. அழைப்பொலி கேட்ட இரவில் திண்டிவனத்தில் ஒருவர்கூட இல்லை. இப்போது ஒரு வகுப்பே உருவாகிக் கொண்டிருந்தது.

தெரிந்து தெளிவோம்

ஐடா வேலூரில் செவிலியர் பள்ளியை வளர்த்துக் கொண்டிருந்த காலத்தில், 1913இல் ஆல்பர்ட் சுவைட்சர் என்னும் அறிஞர் ஆப்பிரிக்கச் சிற்றூரான லம்பரேனேவுக்குச் சென்று மருத்துவமனை அமைத்தார். அவரும் தொண்டு செய்வதற்கென்றே மருத்துவம் கற்றவர். அவருக்கு 1952ஆம் ஆண்டிற்கான அமைதி நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சோதனையும் வெற்றியும்

1930களின் இறுதியில் பெருஞ்சோதனை வந்தது. அதுவரை அப்பள்ளி மருத்துவப் பட்டயத்திற்கே பயிற்சி அளித்து வந்தது. இனிப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பே வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. பேராசிரியர்களும் ஆய்வகங்களும் கூடுதல் படுக்கைகளும் இல்லையேல் கல்லூரியை மூடவேண்டிய நிலை ஏற்பட்டது. எழுபது வயதை எட்டிய ஐடா, உலகப் போர் நடந்த அக்காலத்தில் அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பொருள் திரட்டினார்.

மற்றொரு சிக்கலும் எழுந்தது. கல்லூரி நிலைபெற ஆண்களையும் சேர்த்துக் கற்பிப்பதே வழி என்று பலர் கருதினர். பெண்களின் கல்விக்கென்றே பொருள் ஈந்து வந்த அமெரிக்க ஆதரவாளர் சிலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். அவர்களுள் ஐடாவின் நெடுநாள் நண்பரும் இருந்தார். பெண்களுக்காகவே தொடங்கிய நிறுவனத்தின் தன்மையை மாற்றுவது ஐடாவுக்கும் எளிதாக இல்லை. எனினும், கல்லூரி மூடப்பட்டால் பெண்களும் வாய்ப்பை இழப்பர் என்பதை எண்ணி அம்மாற்றத்தை ஏற்றார். 1942இல் பட்டப்படிப்புத் தொடங்கியது. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். அதுவே இன்றைய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி.

1946இல் ஐடா பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். பின்னர், இந்தியப் பெண் மருத்துவரான ஹில்டா லாசரஸ் நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் முடங்கிய கைகளைச் சீரமைக்கும் அறுவை மருத்துவத்தை 1948இல் அங்கே மேற்கொண்டார். உலகிற்கே வழிகாட்டிய முயற்சி அது.

நிறைவு

அமெரிக்காவிலிருந்து ஒருவர் ஐடாவின் பெயரையும் இந்தியா என்பதையும் மட்டும் எழுதி அனுப்பிய மடல், தவறாது அவரை வந்தடைந்ததாகக் கூறுவர். இந்நாட்டினின்று விலகி வாழ விரும்பிய சிறுமியின் முகவரி, இறுதியில் இந்நாடாகவே ஆயிற்று. 1960 மே 24ஆம் நாள், தம் 89ஆம் வயதில் கொடைக்கானலில் அவர் இயற்கை எய்தினார்.

வேலூரில் பயிலும் மருத்துவ மாணவர்கள் கல்வி நிறைவுற்றதும் இரண்டாண்டுகள் தேவை மிகுந்த பகுதிகளிலுள்ள மருத்துவமனைகளில் பணியாற்றும் கடப்பாட்டை ஏற்கின்றனர். தொலைவிலிருந்து வந்து தொண்டு செய்பவரின் வருகை போற்றத்தக்கதே. ஆயினும், அவர் சென்ற பின்னும் அவ்வூரில் நோய்தீர்க்கும் கைகள் இருக்குமாயின் அத்தொண்டு நிறைவு பெறுகிறது. மூன்று பெண்களை ஐடாவால் காக்க இயலவில்லை. அவ்வியலாமையை மறவாது வாழ்ந்ததால், நள்ளிரவில் கதவைத் தட்டுவோர்க்கு விடைதரும் மருத்துவர் பல்லாயிரவர் உருவாக அவர் வழிவகுத்தார்.