சத்திர வைத்தியர் ஜோன் ஹன்ரர்

இதயத்தினின்று புறப்பட்டு வளைந்து கீழிறங்கி உடலெங்கும் குருதியைப் பாய்ச்சுகின்ற தலைவாய்க்கால் பெருநாடியாகும். மூளைக்குச் செல்லும் நாடிகள் அதன் வளைவிலிருந்தே கிளைக்கின்றன. அவ்வளைவு புடைத்தோ கிழிந்தோ போயின் அதனை அறுத்துச் செப்பனிடுவதற்குக் குருதியோட்டத்தையே நிறுத்துதல் வேண்டும். வழக்கமான உடற்சூட்டிலே மூளை நாலைந்து நிமிடங்களுக்கு மேல் அதனைப் பொறுக்கமாட்டாது. ஆதலின், இக்காலச் சத்திர வைத்தியர்கள் நோயாளியின் குருதியை இதய நுரையீரற் பொறியினூடாகச் செலுத்தி, உடலை ஏறக்குறைய 18 பாகை செல்சியசு வரை குளிர்வித்து, அதன் பின்னரே ஓட்டத்தை நிறுத்துகின்றனர். குளிரிலே மூளையின் தேவை சுருங்குகின்றது. இருபது முப்பது நிமிடங்கள் வைத்தியர் கைக்கு வருகின்றன. குளிருக்கும் உயிருக்கும் உள்ள உறவு யாதென்று, வெப்பமானியைக் கையிலேந்தி முதன்முதலிற் கேட்டோருள் ஒருவர் ஜோன் ஹன்ரர். இச்சிகிச்சையைக் கண்டுபிடித்தவர் அவரல்லர். ஆயினும், அதற்குரிய கேள்விகளுட் பல அவருடைய மேசையிலே கிடந்தன.

ஹன்ரர் 1728 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், ஸ்கொத்லாந்திலுள்ள லோங் கால்டர்வூட் என்னும் பண்ணையிலே, பத்துப் பிள்ளைகளுட் கடைக்குட்டியாகப் பிறந்தார். பள்ளிக்கூடத்தை அவர் மனமார வெறுத்தார். எறும்பும் பறவையும் முகிலும் அவரை இழுத்த அளவிற்கு இலத்தீன் இலக்கணம் இழுக்கவில்லை. பதின்மூன்று வயதளவில் படிப்பு நின்றது. கல்லூரி மலரொன்றில் இதனை எழுதுவது ஆசிரியனாகிய எனக்குச் சற்றே சங்கடந்தான். மாணவர் இப்பகுதியை விரைந்து கடந்து செல்வாராக.

1748 ஆம் ஆண்டில் இருபது வயது இளைஞராய் இலண்டனை அடைந்தார். அங்கே அவருடைய தமையனார் வில்லியம் ஹன்ரர் உடற்கூற்றியற் பாடசாலையொன்றை நடத்திவந்தார். தம்பியார் பிரேதங்களை அறுத்துப் பாடத்திற்கு ஆயத்தஞ் செய்யும் பணியில் அமர்ந்து, சில காலத்துள்ளேயே தமையனை விஞ்சும் கைத்திறனைப் பெற்றார். செசெல்டன், பொற் ஆகிய புகழ்வாய்ந்த சத்திர வைத்தியரிடமும் பயின்றார். 1755 இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பப்பட்டபோது இரண்டு மாதந்தானும் அங்கே தங்கினாரில்லை.

பின்னர் படையிற் சேர்ந்து, 1761 இல் பெல் ஈல் தீவிலும், அடுத்த ஆண்டு போர்த்துக்கலிலும் பணிபுரிந்தார். துப்பாக்கிக் குண்டு பட்ட புண்ணைக் கத்தியால் அகலக் கீறிவிடுதல் அக்கால வழக்கம். வைத்தியர் எவரும் அணுகாத இடத்திலே பதுங்கிக்கிடந்த பிரெஞ்சு வீரர் சிலருடைய புண்கள், கீறப்பட்டவர்களின் புண்களிலும் நன்றாக ஆறியிருப்பதை ஹன்ரர் கண்டார். வைத்தியன் கைவைக்காமலிருப்பதும் சில வேளைகளில் வைத்தியமே என்பதை அவர் கற்றது அங்கேதான்.

இலண்டனுக்கு மீண்ட பின் 1766 இல் அவர் செய்த பரிசோதனை விநோதமானது. இரண்டு கெண்டை மீன்களை நீருள்ள பாத்திரத்திலிட்டு, அதனைச் சுற்றிலும் குளிரூட்டும் கலவையை வைத்து உறையச் செய்தார். மீன்கள் உயிரோடிருக்கும் வரை அவற்றை அடுத்த நீர் எளிதில் உறையவில்லை. உயிரானது தன் சூட்டைக் காத்துநின்று போராடிற்று. ஈற்றில் மீன்கள் விறைத்தன. உருக்கிப் பார்த்தபோது அவை மீளவில்லை. ஒரு மனிதனை உறையவைத்து நூறாண்டுக்கு ஒருமுறை உருக்கி எழுப்பினால் அவன் ஆயுளை ஆயிரம் ஆண்டு வரை நீட்டலாம் என்றொரு கனவு அவருக்கிருந்தது. அக்கனவும் மீன்களோடு மாண்டது. ஆயினும் முயலின் காதை மட்டும் உறையச்செய்து உருக்கியபோது, அது சிவந்து வீங்கி மீண்டும் உயிர்பெற்றதை அவர் கண்டு குறித்துவைத்தார்.

அவருடைய வீட்டிலே தங்கிப் பயின்ற முதல் மாணவர், பின்னாளிற் பெரியம்மைக்கு அம்மைப்பால் வைத்து உலகப் புகழ்பெற்ற எட்வேட் ஜென்னர். ஜென்னர் கிராமத்திற்குத் திரும்பிய பின்னரும் ஆசிரியரின் கடிதங்கள் அவரை விடவில்லை. மாரியிலே முள்ளெலி துயில்கொள்ளும்போது அதன் உட்சூடு எவ்வளவு, அது எதனை உண்கின்றது, எவ்வளவு இளைக்கின்றது என்று கேள்விமேற் கேள்வி விடுத்தார். யோசித்துக்கொண்டிராது செய்து பார்க்கும்படி அவர் ஜென்னரைத் தூண்டியது மருத்துவ உலகில் இன்றும் பேசப்படுவது. ஜென்னர் அளந்தனுப்பிய முள்ளெலிச் செய்திகள் 1778 இல் ஹன்ரரின் ஆய்வுரையிலே இடம்பெற்றன.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னர், நீரில் மூழ்கி இறந்தார்போற் கிடப்போரை மீட்பது பற்றி றோயல் சங்கத்திலே ஓர் உரையை அவர் சமர்ப்பித்திருந்தார். துருத்தியால் நுரையீரலுக்குக் காற்றூட்டல் வேண்டும் என்றதோடு, சூட்டையும் அளவறிந்தே ஊட்டல் வேண்டும் என்றார். உயிர் சிறிதாயிருக்குங்காற் சூடும் சிறிது. உயிர் பெருகப் பெருகச் சூடும் பெருகல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

1785 ஆம் ஆண்டு டிசெம்பரிலே, புனித ஜோர்ஜ் வைத்தியசாலைக்கு நாற்பத்தைந்து வயதுடைய வண்டிக்காரர் ஒருவர் வந்தார். முழங்காலின் பின்புறத்து நாடி புடைத்து, வெடிக்கும் நிலையை நோக்கி வளர்ந்திருந்தது. அக்கால வைத்தியர்க்கு இருந்த வழிகள் இரண்டு: புடைப்பைப் பிளந்து அதற்கு அண்மையிலே நாடியைக் கட்டுதல், அன்றேல் காலையே துண்டித்தல். நோயுற்ற நாடிச்சுவர் கட்டைத் தாங்காது அறுந்து, நோயாளி குருதி பெருகி இறப்பது வழக்கம். ஹன்ரர் புடைப்பைத் தொடவேயில்லை. மேலே தொடையிலே, நாடி நலமாயிருந்த இடத்தில், நான்கு கட்டுகளைப் போட்டார். தலைவாய்க்காலை அடைத்தாற் காலுக்குக் குருதி எவ்வழி செல்லும் என்று மற்றையோர் அஞ்சினர். சிறு கிளை நாடிகள் விரிந்து அப்பணியை ஏற்குமென்று அவர் நம்பினார். ஏற்றன. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் நோயாளி தம் காலோடு வீடு சென்று, மீண்டும் வண்டி ஓட்டினார். மயக்கமருந்து அறியப்படாத காலம் அது என்பதையும் நாம் மறத்தலாகாது. 1787 இல் அவர் காய்ச்சலால் இறந்தபோது ஹன்ரர் அக்காலைப் பெற்று அறுத்து, தம் கருத்துச் சரியெனக் கண்டார். ஹன்ரரின் விரிவுரை கேட்ட அஸ்ற்லி கூப்பர் என்பார் 1817 இல் வயிற்றுப் பெருநாடியையே கட்டத் துணிந்தார். அந்நோயாளி இரண்டு நாள் முழுதும் வாழ்ந்திலர்.

ஆராய்ச்சி வேட்கை அவரை எங்கே கொண்டுசென்றது என்பதையும் எழுதாதுவிடின் இவ்வரலாறு வெறும் துதியாய்விடும். சாள்ஸ் பேர்ண் என்பவர் ஏழரையடிக்கும் மேலான உயரமுடைய அயர்லாந்து இளைஞர். காசு கொடுத்தார்க்குத் தம் உருவத்தைக் காட்டிப் பிழைத்தவர். வைத்தியர்கள் தம் உடலுக்குக் காத்திருப்பதை அறிந்து, ஈயப் பெட்டியில் வைத்துக் கடலிலே தம்மை அடக்கஞ் செய்யும்படி நண்பரை வேண்டிக்கொண்டார். 1783 இல் இருபத்திரண்டு வயதில் அவர் இறந்ததும், ஹன்ரர் பணத்தை வாரியிறைத்து உடலைக் கைப்பற்றினார். எலும்புக்கூடு அவருடைய காட்சிச்சாலைக்கு அணியாயிற்று. சேர் ஜொசுவா றெனோல்ட்ஸ் தீட்டிய ஹன்ரரின் ஓவியத்திலும் அக்கூட்டின் கால்கள் மூலையிலே தொங்குகின்றன. சாகுந்தறுவாயில் ஒருவன் கேட்ட ஒரே வரத்தை மறுப்பதற்கு அறிவு வளர்ச்சி ஒரு நியாயமாகுமென்று நான் எண்ணவில்லை. இரு நூற்றாண்டுக்கு மேலாகக் காட்டப்பட்ட அவ்வெலும்புக்கூடு, 2023 இல் அக்காட்சிச்சாலை மீளத் திறக்கப்பட்டபோது காட்சியினின்றும் அகற்றப்பட்டது. கடலை மட்டும் அது இன்னும் சேரவில்லை.

ஹன்ரர் பல ஆண்டுகள் நெஞ்சுவலியால் வருந்தினார். கோபம் வந்தால் வலியும் உடன்வரும். கோபமோ அவருக்கு அடிக்கடி வரும். 1793 ஒக்ரோபர் 16 ஆம் நாள், புனித ஜோர்ஜ் வைத்தியசாலையின் கூட்டமொன்றில் மாணவரைச் சேர்ப்பது பற்றி வாதம் எழுந்தது. தம் கருத்து மறுக்கப்பட்டதும், சினத்தை அடக்கியவாறு அடுத்த அறைக்குச் சென்றவர் அங்கேயே வீழ்ந்து உயிர்நீத்தார். உடலை அறுத்துப் பார்த்தபோது இதயத்திற்கு உணவூட்டும் நாடிகள் எலும்புபோல் இறுகிக்கிடந்தன. பதினாலாயிரம் வரையான அவருடைய மாதிரிகளை வில்லியம் கிளிவ்ற் என்னும் ஏழை உதவியாளர் ஆறாண்டு கண்போற் காத்தார். 1799 இல் அரசாங்கம் அவற்றை 15,000 பவுணுக்கு வாங்கியது. கையெழுத்துப் பிரதிகளுக்கோ அப்பேறு கிட்டவில்லை. மைத்துனர் எவராட் ஹோம் அவற்றை 1823 இல் தீயிலிட்டார். அவற்றிலிருந்தவற்றைத் தம்முடையனவாகக் காட்டியதை மறைக்கவே அவ்வாறு செய்தாரென்பர். எஞ்சிய மாதிரிகளுள்ளும் பெரும்பகுதி 1941 இல் விழுந்த குண்டுகளால் அழிந்தது.

முள்ளெலிக் கேள்வி மட்டும் அழியவில்லை. கனடாவிலே வில்பிறெட் பிகலோ என்னும் சத்திர வைத்தியர், உடலைக் குளிர்வித்து இதயத்தைத் திறக்கும் முறையை விலங்குகளிற் பரிசோதித்து 1950 இல் வெளியிட்டார். மாரியிலே துயிலும் விலங்குகளையும் பல்லாண்டு ஆராய்ந்தார். 1952 செப்ரெம்பர் 2 ஆம் நாள், அமெரிக்காவின் மினசோற்றாவில் ஜோன் லூயிஸ் என்பார், ஐந்து வயதுச் சிறுமியொருத்தியை 28 பாகை வரை குளிர்வித்து, இதயத்துள் இருந்த துளையைத் தைத்து மூடினார். பின்னர் அவளை இளஞ்சூட்டு நீர்த்தொட்டியிலே கிடத்தி மீட்டனர். 1975 இல் றண்டல் கிறீப் என்பாரும் அவருடன் பணிபுரிந்தோரும் ஆழ்ந்த குளிரிலே பெருநாடி வளைவை மாற்றிய நால்வரின் வரலாற்றை வெளியிட்டனர். நால்வருள் மூவர் பிழைத்தனர்.

இன்று அத்தகைய நோயாளியை மீளச் சூடேற்றுங்கால் வைத்தியர் அவசரப்படுவதில்லை. செலுத்தும் குருதிக்கும் உடலுக்கும் இடையே பத்துப் பாகைக்கு மேல் வேற்றுமை நேராது பார்த்துக்கொள்வர். மூளை மிகைச்சூடு அடைய விடார். குளிரினால் குருதி உறையுந் தன்மை குன்றியிருக்குமாதலின், கசிவு நிற்கும் வரை காவலிருப்பர். விழித்தெழுவோருட் சிலர் சில நாட்கள் இடமும் காலமும் அறியாது மயங்கிப் பேசுவர். அவர்களிற் பெரும்பாலோர்க்கு அம்மயக்கம் தானே தெளியும்.